ஆற்று வாசலில் ஒன்பதாவது ஆள்

அந்தக் குடும்பம் எங்கே கிளம்பினாலும் முதலில் தலை எண்ண வேண்டும். ஆட்டு மந்தையைக்கூட யாரும் அப்படி எண்ண மாட்டார்கள். குடும்பத் தலைவர் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஆட்களை வரிசையில் நிறுத்தி எண் சொல்ல வைத்தே பாதி ஆயுசைக் கழித்தவர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குக் கிடங்குப் பழக்கம் குடும்ப வேன் மட்டும் வந்துவிட்டது. முன் இருக்கையில் உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ம், சொல்லுங்க" என்பார். அவர் ஒன்று. தம்பி இரண்டு, தம்பி மனைவி மூன்று, அவர்களுடைய இரண்டு வாண்டுகள் நாலும் ஐந்தும். சூப்பர்வைசரின் மகள் ஆறு, மகன் ஏழு, மனைவி எட்டு. ஒன்பதாவது ஆள் சித்தி.

சித்தி என்றால் சூப்பர்வைசரின் அம்மாவுக்குத் தங்கை. அக்கா சின்ன வயதிலேயே போய்விட, அக்கா பிள்ளைகள் இருவரையும் வளர்க்க வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். கல்யாணம் காட்சி என்று தனக்கென ஒன்றும் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொன்னது போய், ஒருநாள் முகத்துக்கு நேராகவே வாய் தவறி வந்துவிட்டது. சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. "வீட்டுக்கு ஒரு ரேடியோ வேணும்ல? இல்லேன்னா நாட்டு நடப்பு எப்படித் தெரியும்?" என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டாள்.

தலை எண்ணும்போது இந்த ரேடியோவால் ஒரு தொல்லை. எட்டு முடிந்து ஒன்பது வர வேண்டிய நேரத்தில் சித்தி ஏதாவது ஒரு கதையின் நடுவில் இருப்பாள். கதையை நிறுத்தி எண் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. பக்கத்தில் உட்காரும் எட்டாவது ஆள்தான் "எட்டு, ஒன்பது" என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுவாள். வருடக் கணக்கில் இப்படித்தான். சித்தி தன் வாயால் ஒன்பது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

அந்த எட்டாவது ஆளுக்குக் 'கண்ணாடிக்காரி' என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் முகத்தில் கண் சோதிக்கும் கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இது நல்லா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பவள். அவள் கண் கழுகுக் கண். கடை வாசலில் நின்றபடியே உள்சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிப்பாள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பின்னால் அவள் 'நான் கவனிக்கலை' என்று சொல்லப்போகிறாள்.

விஷயம் இதுதான். சித்தியை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்று முடிவாகியிருந்தது. முடிவெடுத்தது சூப்பர்வைசர் என்று பெயர். அதற்கு அடி போட்டவள் கண்ணாடிக்காரி. அவளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு அறை வீடு. காலையில் பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு ஆரம்பிக்கும் பேச்சு, படுக்கப் போகிறவரை ஓயாது. கடையில் நாள் முழுக்க அந்நியர்களோடு பேசிப் பேசித் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த வீட்டுக்காரியின் மூட்டுவலியிலிருந்து ஆரம்பமாகிவிடும். ஒருநாள் அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று சித்தி பேசிக்கொண்டிருந்தாள்.

கடைக்கு வரும் ஓர் அம்மாள் மூலமாக நல்ல இல்லமாகத் தேடிப் பிடித்து, போய்ப் பார்த்தும் வந்தாயிற்று. சொல்வதுதான் பாக்கி. சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார்.

"என்னைப் பெத்தவளுக்கு மேல அவங்க. என் வாயால எப்படிச் சொல்றது? நீ பக்குவமா பேசுவே, நீயே சொல்லிடு. கோயிலுக்குப் போறோம்ல, அமைதியான இடம். மனசும் இளகியிருக்கும். அங்க வெச்சுச் சொல்லு."

புத்தர் கோயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது, பாருங்கள்.

அந்தப் பயணத்துக்கு முந்தின வாரம் அவள் சித்திக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தாள். கடையில் இருப்பதிலேயே உசத்தியான வில்லை, எடை தெரியாத சட்டம். தானே உட்கார்ந்து சோதித்து, தானே காதுக்கு வளைத்துச் சரிசெய்தாள். ஏன் இவ்வளவு அக்கறை என்று அவளுக்கே தெரியும். வெட்டப் போகிற ஆட்டுக்கு மாலை போடுவதில்லையா, அந்தக் கதைதான்.

கோயில் பழசு. எவ்வளவு பழசென்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இடுக்கெல்லாம் புல் முளைத்த செங்கல் கோபுரம். உள்ளே இருட்டில், இரண்டு ஆள் உயரத்துக்கு உட்கார்ந்த நிலையில் புத்தர். உடம்பெல்லாம் கருங்கல், முழங்கால் மட்டும் பலபேர் கைபட்டு வழவழவென்றிருந்தது. சாலைப் பக்கம் ஒரு வாசல், ஆற்றுப் பக்கம் ஒரு வாசல். சாலை வாசலில் செருப்பைக் கழற்றி, அவர்கள் கொடுக்கும் துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டு ஆற்று வாசல் வழியாக வெளியேற வேண்டும். வண்டிகள் அங்கேதான் காத்திருக்கும். மழைக்காலம் முடிகிற சமயம். ஆறு கலங்கலாக, கடைசிப் படியை நக்கிக்கொண்டு ஓடியது. மதில்சுவரில் பழைய வெள்ளங்கள் விட்டுப்போன கறைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வேண்டுமென்றேதான், சூப்பர்வைசர் கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரியும் சித்தியும் புத்தருக்கு எதிரில் நின்றார்கள்.

"சித்தி, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு சொல்லு. அதுக்கு முன்னாடி இதச் சொல்லு. இவரு கண்ணத் தொறந்திருக்காரா, மூடியிருக்காரா?"

"பாதி மூடியிருக்கு சித்தி."

"பாதின்னா என்ன அர்த்தம்? நம்மளப் பாக்கறாரா, இல்லியா?"

"அது தியானம் பண்றதுங்க சித்தி. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"தியானம்னா முழுசா மூடிக்கணும். பாக்கறதுன்னா முழுசா தொறக்கணும். இதென்ன, தூங்கற மாதிரி நடிக்கற புள்ளையாட்டம்! உன் புருஷன் சின்னதுல இப்படித்தான் படுத்திருப்பான். பள்ளிக்கூடம் போகாம இருக்கறதுக்கு. நான் உள்ளங்கால்ல ஒரு விரலால கீறுவேன் பாரு..."

கதை பள்ளிக்கூடம், வாத்தியார், வாத்தியாரின் சைக்கிள் என்று போய்விட்டது. இரண்டாம் முறை வாயெடுத்தாள், சைக்கிள் பஞ்சராகிவிட்டது. மூன்றாம் முறை துணிந்து "சித்தி!" என்று கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டபோது, சித்தி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு, புத்தரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"என் ஆயுசுல இவ்வளவு தெளிவா நான் எதையும் பாத்ததில்லடி. நல்ல கை உன் கை. நீ நல்லாயிருக்கணும்."

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? மனுஷ ஜன்மமாக இருந்தால் வாய் வருமா? கண்ணாடிக்காரி இரண்டடி பின்வாங்கினாள். "நான் வண்டிக்குப் போறேன் சித்தி, நீங்க மெதுவா வாங்க" என்றாள்.

"போ போ. நான் அவரு கண்ணப் பக்கத்துல போய் இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன். இந்தா, என் கைப்பைய எடுத்துட்டுப் போ."

கைப்பையை வாங்கிக்கொண்டு தப்பித்தேன் பிழைத்தேன் என்று வெளியே வந்தாள். வேனில் ஏறி, கடைசி வரிசையில், ஒன்பதாவது இருக்கையில் பையை வைத்தாள். தன் சால்வையையும் கழற்றி அதன் மேல் போட்டாள். 'சொல்லியாச்சா?' என்று கணவர் கேட்பாரோ என்று பயந்தாள். அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் முன்னால் கேட்க முடியாதே. பாலத்தில் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் தாண்ட வேண்டும் என்று டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ம், சொல்லுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தது. சின்ன வாண்டு கத்தியது, மகள் காதில் மாட்டியதைக் கழற்றாமல் முணுமுணுத்தாள்.

"எட்டு, ஒன்பது" என்றாள் கண்ணாடிக்காரி.

"ரைட், எடுப்பா."

இதுவரை நடந்ததை யாரும் மன்னித்துவிடுவார்கள். யோசனை வேறெங்கோ இருந்தது, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. யாருக்கும் நடக்கக்கூடியது. வண்டி நகர்ந்து திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. வெடுக்கென்று பின்கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

ஆற்று வாசலில் சித்தி நின்றிருந்தாள். ஒரு கையில் செருப்புப் பை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பை இப்படியும் அப்படியும் ஆடியது. வாய் அசைந்தது தெரிந்தது.

கண்ணாடிக்காரி பார்த்தாள். கடைசி வரி எழுத்தைப் படிக்கிற கண்ணால் பார்த்தாள். 'நிறுத்துங்க' என்று சொல்ல வாய் திறந்தாள்.

சொல்லவில்லை.

வண்டிக்குள் அமைதியாக இருந்தது, அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் குடும்ப வேனில் அவள் கேட்டேயிராத அமைதி. தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. 'அந்த வளைவு வரைக்கும்' என்று நினைத்தாள். 'வளைவு வந்ததும் சொல்லிடலாம். திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகப்போகுது?'

வளைவு வந்தது, போனது. இப்போது சொன்னால் 'அப்பவே ஏன் சொல்லலை?' என்று கேட்பார்கள். பெட்ரோல் பங்க் வரட்டும், அங்கே நிறுத்துவார்கள், அப்போது பார்க்கிற மாதிரி பார்த்து, பதறுகிற மாதிரி பதறலாம். நிறுத்தவில்லை. ஒரு மைல் தள்ளிச் சொல்வது ஒரு மைல் கடினம், இரண்டு மைல் தள்ளிச் சொல்வது அதைவிடக் கடினம். நடுவில் அந்தப் பாழாய்ப்போன அமைதி வேறு சுகமாக இருந்து தொலைத்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் சூப்பர்வைசர், திரும்பாமல். "சித்தி தூங்கிட்டாங்களா?"

"ம்" என்றாள் அவள்.

ஒன்பது என்றது பழக்கம். வாய் மூடியிருந்தது பலவீனம். ஆனால் இந்த 'ம்' இருக்கிறதே, இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த ஓர் எழுத்தைச் சொல்லும்போது அவள் முழுப் புத்தியோடுதான் இருந்தாள்.

"ரேடியோவுக்கு பாட்டரி தீர்ந்துடுச்சு போல" என்றான் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாவி, சிரித்தாள்!

மகள்தான் கண்டுபிடித்தாள். தண்ணீர் பாட்டிலுக்காகப் பின்னால் எம்பியவள், சால்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, சின்னப் பாட்டி எங்கே?"

வண்டி கிறீச்சிட்டு நின்றது. சூப்பர்வைசர் போனை எடுத்துச் சித்தியின் எண்ணை அழுத்தினார். ஒன்பதாவது இருக்கையில், கைப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஒன்பதுன்னு யார் சொன்னது?"

"நான்தாங்க. பழக்கத்துல..."

"தூங்கறாங்கன்னியே!"

"சால்வைய பாத்துட்டு... சாய்ஞ்சு படுத்திருக்காங்கன்னு நெனச்சேங்க."

பொய் எவ்வளவு வழவழப்பாக வருகிறது, பாருங்கள். அந்தச் சால்வையைப் போட்டதே அவள்தான்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆறு நெறைய ஓடுதேடா" என்றார் தம்பியிடம். அவ்வளவுதான் பேசினார். கிண்டல் செய்த கொழுந்தன் இப்போது கரகரத்த குரலில், யாரிடமென்றில்லாமல் சொன்னான்: "அம்மா போன புதுசுல வீட்ல சத்தமே இருக்காது. நானும் அண்ணனும் பயந்து போர்வைக்குள்ள கெடப்போம். சித்திக்கு அப்பல்லாம் பேசவே வராது, ரொம்பக் கூச்ச சுபாவம். எங்களுக்காகத்தான் பேச ஆரம்பிச்சாங்க. நாங்க பயப்படக் கூடாதுன்னு."

இத்தனை வருடம் அந்த வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாது. சித்தி எத்தனையோ ஆயிரம் கதை சொன்னாள், இந்தக் கதையைச் சொன்னதில்லை. கண்ணாடிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வழி நெடுக ஆறு ஜன்னலோடு கூடவே வந்தது. அதில் போகும் ஒவ்வொரு கட்டையும், ஒவ்வொரு துணியும் அவளுக்கு வேறொன்றாகத் தெரிந்தது. நல்ல கண் இருப்பதும் ஒரு தண்டனைதான். சித்திக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலின் வாலிலேயே இன்னொன்றும் வந்தது: சித்தி என் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில்கூட இப்படி ஒரு வேண்டுதல் தனக்கு வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

முதலில் குரல்தான் கேட்டது. வண்டி நிற்பதற்குள் சூப்பர்வைசர் குதித்து ஓடினார். சித்தி ஆற்று வாசல் படியில் செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஓர் இளம் புத்த பிக்கு இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். படியில் ஓர் இலைகூட இல்லை, ஆனாலும் கூட்டிக்கொண்டிருந்தார். பேசுகிறவளை விட்டுவிட்டுப் போக மனமில்லை போல.

"எங்க போனீங்க சித்தி! உசுரே போயிடுச்சு!"

"நான் எங்கடா போனேன்? நீங்கதான் போனீங்க."

அவர் படியில் அப்படியே உட்கார்ந்து சித்தியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிடங்கில் நூறு பேரை அதட்டுகிற மனுஷன். பிறகுதான் கோபம் வந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "இவதான் பாக்காம ஒன்பதுன்னு..."

"அவள ஏன்டா சொல்றே?" என்றாள் சித்தி. "என் நம்பர நான் என்னிக்குச் சொல்லியிருக்கேன்? பாவம், எனக்குப் பதிலா சொல்லிச் சொல்லி அவ நாக்கு பழகிடுச்சு. நீ மட்டும் தலையத் திருப்பி ஒரு தடவ பாத்தியா? எண்ணறானாம் எண்ணறான்."

இதைச் சொல்லும்போது சித்தி கண்ணாடிக்காரியின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தவர் பிக்குதான். துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கூட்ட ஆரம்பித்தார். சித்தி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"நீங்கள்லாம் ஏறுங்க. நான் செருப்பப் போட்டுட்டு இவ கையப் புடிச்சுட்டு வரேன்."

மற்றவர்கள் போனார்கள். கண்ணாடிக்காரி குனிந்து சித்தியின் காலில் செருப்பை மாட்டினாள். நிமிரத் தைரியமில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "நான் கவனிக்கலை சித்தி."

சித்தி கண்ணாடியைக் கழற்றினாள். அதை இவள் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"இது நீ போட்டுக் கொடுத்ததுதானே?"

கண்ணாடிக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்த மரம் வரைக்கும் போயிடுச்சு வண்டி. பழைய கண்ணாடின்னா வண்டி போகுதுங்கறதே மசமசன்னுதான் தெரிஞ்சிருக்கும். இதுல உன் முகம் பளிச்சுன்னு தெரிஞ்சுதுடி. நெத்தியில விழுந்திருந்த முடிகூடத் தெரிஞ்சுது. நீ பாத்தே. நான் கைய ஆட்டினேன். அப்புறம் நீ முன்னாடி திரும்பிக்கிட்டே."

கண்ணாடிக்காரி செருப்பிலிருந்து கையை எடுக்காமல் அழுதாள்.

"நான் என்ன எருமையாடி, பாதி வழியில எறக்கிவிட்டுட்டுப் போக?" சித்தியின் குரல் உடைந்தது. "எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? அந்த சாமியார்கிட்ட உன்னப் பத்தி என்னென்ன சொன்னேன் தெரியுமா? கொஞ்சநஞ்சமில்ல. அவரு பாவம், கூட்டின எடத்தையே கூட்டிட்டிருந்தாரு."

"என்னை அடிச்சிடுங்க சித்தி."

"அடிச்சு? எனக்குக் கைதான் வலிக்கும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோயில்ல வெச்சு எதையோ சொல்ல வந்தியே, அது அந்த இல்லத்துச் சமாச்சாரம்தானே?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"பேசிட்டே இருக்கறவளுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்? சின்ன வீடு. நீ சொல்ல வந்தப்பல்லாம் நான்தான் வாத்தியார் சைக்கிளப் புடிச்சு இழுத்தேன். சொல்லாம விட்டா போகாம இருக்கலாமேன்னு ஒரு நப்பாசை."

"நீங்க எங்கயும் போக வேண்டாம். நான் அவர்கிட்ட சொல்லிடறேன். நீங்க நம்ம வீட்லயே இருங்க."

"இப்ப சொல்லுவே. இன்னிக்கு நடந்தது உன்னக் குத்துது, அதுக்கு மருந்தா என்னை வெச்சுக்கப் பாக்கறே. நாளைக்கு நான் வாயத் தொறந்தா, 'ஐயோ, அன்னிக்கு விட்டுட்டு வந்தோமே'ன்னு பல்லக் கடிச்சுட்டுக் கேப்பே. அதுக்கு நீ கதவத் தாழ் போட்டுக்கறதே மேல்." குளியலறைக் கதவு வரைக்கும் தெரிந்திருக்கிறது. "அத விடு. நீ போய்ப் பாத்தியே அந்த இல்லம், அங்க தலை எண்ணுவாங்களா?"

"சாயங்காலம் எண்ணுவாங்க சித்தி. அறை நம்பர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"எனக்குப் பதிலா சொல்ல அங்க யாரும் இருக்க மாட்டாங்க இல்ல?"

கண்ணாடிக்காரி மறுபடி குனிந்து செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்திரு. மூஞ்சியத் தொடச்சுக்கோ. அவன்கிட்ட ஒண்ணும் உளறாதே. நான் போன பிறகு அந்த வீட்ல நீதான் குடித்தனம் பண்ணணும்."

வண்டியில் ஏறினார்கள். சித்தி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் இந்த முறை இருக்கையில் முழங்கால் போட்டு, பின்பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ம், சொல்லுங்க."

ஏழு வரைக்கும் வந்தது. "எட்டு" என்றாள் கண்ணாடிக்காரி. நாக்கு தானாக அடுத்ததற்குப் போயிற்று. பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"ஒன்பது!"

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, கணீரென்று சொன்னது சித்தி. வாண்டுகள் கை தட்டின. "அட! சித்தி நம்பர் சொல்லிட்டாங்கடா!" என்று கொழுந்தன் கும்மாளம் போட்டான். சூப்பர்வைசர்கூட ஈரக் கண்ணோடு சிரித்தார்.

"பழகிக்கணும்ல" என்றாள் சித்தி சிரித்துக்கொண்டே. அதன் அர்த்தம் அந்த வண்டியில் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

வண்டி புறப்பட்டது. மரம் போயிற்று, வளைவு போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று. சித்தி பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்னே தேன் மாதிரி இனித்த அதே அமைதி, இப்போது கண்ணாடிக்காரியின் காதில் பழுக்கக் காய்ச்சிய கம்பியாக இறங்கியது. யாருடைய மூட்டுவலியாவது, எந்த வாத்தியாரின் சைக்கிளாவது வந்துவிடாதா என்று ஏங்கினாள். வரவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் சூப்பர்வைசர். அவர் மறுபடி முன்பக்கம் திரும்பியிருந்தார். "சித்தி தூங்கிட்டாங்களா?"

கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் சித்தியின் கண் முழுசாகத் திறந்திருந்தது. அவள் கை மெல்ல நகர்ந்து வந்து, வேண்டாம் என்பது போல் இவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இல்லீங்க, முழிச்சுட்டுத்தான் இருக்காங்க" என்றாள் கண்ணாடிக்காரி. மணிக்கட்டில் பிடி இறுகியது. அவள் நிறுத்தவில்லை. "அப்ப தூங்கறாங்கன்னு சொன்னது பொய். வாசல்ல நின்னு அவங்க கைய ஆட்டினாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்லாம வந்தேன்."

முன் இருக்கையில் அவர் தலை மெதுவாகத் திரும்பியது. பாலம் வருகிறவரை அந்த வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை.